வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும் பை

ஜிப்பைத் திறப்பதற்கு முன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் தெரியாத்தனமாக முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உள்ளே பார்த்தேன். ஒரு வாரத்து வியர்வைச் சட்டைகள், ஈரத்தோடு சுருட்டித் திணித்த துவாய், கருவாடாக விறைத்துப்போன சொக்ஸ், அடியில் சொல்லவே கூசுகிற உள்ளாடைகள். போதாததற்கு ஒரு காற்சட்டைப் பைக்குள் பாதி தின்ற மாலுபாண். மீனும் பாணும் ஒன்றாகிப் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் எறிந்தேன். எங்கள் லயத்து வரிசைவீட்டு நாய் ஓடிவந்து மோந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போய்விட்டது.

அந்தப் பை என் மகனுடையது. அவனுக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடை மூடியதும் அழுக்குத் துணியைப் பையில் அடைத்துப் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பதுளையில் அது எங்கள் பக்கம் வரும் பஸ்ஸுக்கு மாறி, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் சந்தியில் இறங்கும். அன்றைக்கே நான் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் துவைத்து, சனிக்கிழமை காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் நிற்பான். இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் வெளுத்து வருகிற சட்டை இந்த நாட்டில் ஜனாதிபதிக்குக்கூட இருக்காது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பிள்ளை வளர்ப்பதுதான் என் தொழில். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகைதான் மாறியிருக்கிறது. தோட்டத்துக்கு அது இன்னும் பிள்ளைக்காம்பராதான்.

அங்கே என் சட்டம் கண்டிப்பானது. இரண்டு வயது தாண்டிய பிள்ளை தன் கையால் சாப்பிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன்: ஆடு, குடை, மீன், வாளி. முகம் துடைத்த துண்டை அவரவர் ஆணியில் அவரவர்தான் மாட்ட வேண்டும். எட்டாவிட்டால் எம்பி மாட்டட்டும். பத்துத் தரம் கீழே விழட்டும். பதினோராம் தரம் மாட்டும்.

மத்தியானம் மலையிலிருந்து அம்மாமார் பால் கொடுக்க வருவார்கள். வந்த கையோடு மூன்று வயதுப் பிள்ளையையும் மடியில் இழுத்துப் போட்டுச் சோற்றை உருட்டி ஊட்டத் தொடங்குவார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே சத்தம் போடுவேன்.

"கைய எடு! அது தானா திங்கும்."

கொஞ்சம் முறைப்பார்கள். ஆனால் எடுத்துவிடுவார்கள். இந்த வார்த்தை தோட்டம் முழுக்கப் பிரசித்தம். லயத்து வாசலில் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடினால், என்னைப் போல் நடிக்கிற பிள்ளை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் சொல்வது இதைத்தான். 'அவ கையில உட்டா எந்தப் புள்ளையும் மனுசனாயிரும்' என்று என் காதுபடவே பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஊருக்குத்தான் உபதேசம். என் மகனும் அதே பிள்ளைக்காம்பராவில்தான் வளர்ந்தான். ஆனால் அவனுக்கு ஆணி கிடையாது. அவன் துண்டு என் தோளில் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தாங்களாகச் சாப்பிடும்போது, நான் அவனைச் சமைக்கிற குசினியின் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் ஊட்டினேன். அந்தக் கதவு சரியாக மூடாது. பிள்ளைகள் எல்லாம் பார்த்திருக்கும்.

காரணம் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன். இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போய் மூன்றாவதாகப் பிறந்தவன். பனி விழுந்தால் மூச்சு இழுக்கும். பதுளை ஆஸ்பத்திரியில் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் அந்த இழுப்பு அவனுக்கு ஏழு வயதானபோது நின்றுவிட்டது. சாக்கை மட்டும் நான் விடவில்லை. பதினைந்து வயதிலும் மீன்முள் எடுத்துக் கொடுத்தேன். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறவனுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டேன். 'எம்புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, மொகம் தொடைக்கிற ஒரு கைலேஞ்சி கசக்கத் தெரியாது' என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் பக்கத்தில் அது பாராட்டு வார்த்தை. ஒண்ணும் தெரியாத பிள்ளை என்றால் சூதுவாது தெரியாத பிள்ளை, அம்மா சொல் கேட்கிற பிள்ளை என்று அர்த்தம். ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் போகப் போக அம்மாவுக்கு மதிப்புக் கூடும். இன்றைக்கு நினைத்தால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல் இருக்கிறது.

இந்தப் புடவைக் கடை அவனுக்கு மூன்றாவது வேலை. முதலில் பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்குப் போனான். ஒன்பதாம் நாள் வந்துவிட்டான், சோறு சரியில்லையாம். பிறகு பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அங்கே கக்கூஸ் சரியில்லையாம். எங்கள் லயத்துக் கக்கூஸைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். மூன்றாவதிலிருந்தும் வந்துவிட்டானென்றால் நான்காவது இல்லை என்று எனக்குத் தெரியும். கட்டிலில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டே முப்பது வயதாகிவிடும். அப்படி மூன்று பேர் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, ஈரச்சேலையோடு அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

கடை முதலாளி பதுளைக்காரர், நல்ல மனிதர். மூன்று மாதம் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். "சுத்தமா நிக்கணும், நேரத்துக்கு வரணும். மத்ததெல்லாம் நா பழக்கிருவேன் தம்பி" என்று என் முன்னால்தான் சொன்னார். அந்த மூன்று மாதத்தை இவன் தாண்டுவானா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

போய் ஐந்தாம் நாள் போன் பண்ணினான்.

"அம்மா, சட்டையெல்லாம் அழுக்காயிருச்சு. என்னா செய்யிறது?"

புத்தியுள்ள எந்த அம்மாவும் என்ன சொல்லியிருப்பாள்? வாளியில் தண்ணீர் பிடி, ஊறப்போடு, கசக்கு, அலசு. நான்கு வார்த்தை. என் வாயில் வந்தது வேறு.

"பஸ்ல போட்டு உடுய்யா. நா தொவச்சு அனுப்புறேன்."

அவன் கேட்கவில்லை. இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பை என் கண்டுபிடிப்பு.

எங்கள் பக்கம் வரும் பஸ்ஸின் கொண்டக்டர் ஒரு சிங்களத் தம்பி. மருந்து, பள்ளிக்கூடக் கொப்பி, கலியாணப் பத்திரிகை என்று என்ன பார்சல் இருந்தாலும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து இறக்குகிறவன். என் மகனின் பையை மட்டும் கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு இறங்குவான். "அக்கே, மேக கந்தய்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். நாறுகிறது என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் மூக்கைப் பொத்தினால் விளங்கிவிடும். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கொழும்பில் இருக்கிற மகன் இன்னும் என் கையைத்தான் நம்பியிருக்கிறான் என்று.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை வந்தால் விருந்தாளி மாதிரி போகாது. வீட்டு மனுசியாகத் தங்கிவிடும். துணி காயவில்லை. கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிச் சட்டைகளைக் காயவைத்து அனுப்பினேன். திங்கட்கிழமை காலையிலேயே போன்.

"அம்மா, சட்டையில பொகை நாத்தம் அடிக்கிது. கடையில எல்லாரும் கேக்குறாங்க. கொஞ்சம் பாத்துச் செய்யக்கூடாதா?"

கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா! பீலியில் விறைத்த விரல் இன்னும் மடங்கவில்லை. சுருக்கென்றது. ஆனால் அவன் மேல் கோபம் வரவில்லை. முதலாளி மோந்து பார்த்திருப்பாரோ, மூன்று மாதம் கெட்டுப்போகுமோ என்ற பயம்தான் வந்தது.

தோட்டத்தில் புகையும் ஈரமும் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதென்று பிள்ளைக்காம்பராவில் கண்ணாடி ஜன்னல் போட்டு, கூரைக்குக் கீழே பலகையும் அடித்திருக்கிறார்கள். குசினி தனியாக இருக்கிறது. தொட்டில் கட்டுவதற்காக வளை மரத்திலிருந்து கயிறுகள் தொங்கும். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் குறைவு, நான்கு தொட்டில் சும்மா கிடந்தது. நான் வெட்கமில்லாமல் அந்தக் கயிறுகளில் என் மகனின் சட்டைகளையும் ஜட்டிகளையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் பழக்கத்தைத் தொட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்து காயப்போட்டிருந்தேன்.

மூன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை. குடைப்படம் போட்ட ஆணிக்காரி. தன் துண்டை மாட்டிவிட்டு வந்தவள், தலைக்கு மேலே தொங்கிய ஒரு ஜட்டியை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டீச்சர், இது எந்தப் பாப்பாவோடது?"

"பாப்பாவோடது இல்லடி. எங்க வீட்டு அண்ணாவோடது."

"நீங்களா தொவச்சீங்க?"

"ஆமா."

"அந்த அண்ணாவுக்குக் கை இல்லியா?"

"இருக்கே."

"ஒடம்பு சொகமில்லியா?"

"நல்லாத்தான் இருக்கான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

"அப்ப அவரையும் இங்க கொண்டாந்து உடச் சொல்லுங்க டீச்சர். அங்கன ஒரு ஆணி சும்மாதானே இருக்கு."

கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். நானும் சிரித்து வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். பிஞ்சுக் குழந்தை தூங்குகிற கயிற்றில், மீசை முளைத்தவனின் உள்ளாடை. அதற்குக் கீழே, வெறும் தரையில் பாய் விரித்து, தன் தட்டைத் தானே கழுவிவிட்டு வந்து படுக்கிற பிள்ளைகள். துணியை விடத் தொங்கவிட்ட கை நாறுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அப்படித் தோன்றிய பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் சந்தியில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

அந்தத் தரம் பை வழக்கத்தை விடக் கனமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு துணிகளை வெளியே எடுத்தேன். ஒரு நீலச் சட்டை வந்தது. என் மகனுக்கு நீலச் சட்டை கிடையாது. விரித்துப் பார்த்தால் அவனைப் போல் ஒன்றரை ஆள் நுழையலாம். பிறகு இடுப்பில் கட்டுகிற ஒரு கட்டம் போட்ட சாரம், அதுவும் அவனுடையது இல்லை. பிறகு வேறு யாருடையதோ சொக்ஸ், வேறு யாருடையதோ ஜட்டி. என் பிள்ளையின் அழுக்கை நான் அறிவேன், பிறந்த நாளிலிருந்து அறிவேன். இது யாரோ முகம் தெரியாத தடியன்களின் வியர்வை. கையை உதறிக்கொண்டு எழுந்தேன். கடை மூடுகிற நேரம் பார்த்துப் போன் பண்ணினேன்.

எடுத்தது மகன் இல்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற ஹல்துமுல்லைப் பையன். அந்தப் பையனைப் பற்றி அவன் சொல்லியிருக்கிறான்.

"அவன் குளிக்கப் போயிருக்கானுங்க. போன்ல வீடுன்னு விழுந்திச்சு, அதான் எடுத்தேன். நீங்க யாருங்க? தொவைக்கிற அக்காங்களா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அவன் சொல்லியிருக்கான், வீட்ல துணி தொவைக்க ஒரு அக்கா வச்சிருக்கோம்னு. நல்லா வெளுக்கிறீங்கக்கா. இந்தத் தரம் எங்களோடதும் ரெண்டு மூணு போட்டிருக்கு, கோவிச்சுக்காதீங்க. அந்த நீலச் சட்டைக்குக் காலரு மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சிருங்க."

பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், துணி துவைக்க ஆள் வைத்திருக்கிறோம். என் மகன் கொழும்பில் எங்களை ஜமீனாக்கி வைத்திருக்கிறான்.

துணி துவைப்பது கேவலமான வேலை இல்லை. துவைத்துப் பிழைக்கிறவர்கள் கையை விரித்துக் காட்டினால் நாம்தான் தலைகுனிய வேண்டும். எனக்கு வலித்தது அதற்காக இல்லை. அம்மா துவைக்கிறாள் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. வெட்கம் என்று தெரிந்திருக்கிறது! தெரிந்தும் வாராவாரம் அனுப்பியிருக்கிறான். அது மட்டுமா? அந்த நேரத்தில்கூட நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரிங்க தம்பி. தேய்ச்சிருவோம்."

மகனின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அதற்கும் நான்தான் சோப்புப் போட்டேன். போனை வைத்ததும் வெளியே போய்க் காறித் துப்பினேன், யார் மேல் என்று தெரியாமல்.

சனிக்கிழமை முழுக்க அந்தப் பை வாசலில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் துணியையும் எடுத்தபடியே திணித்தேன். மேலே ஒரு முழுக்கட்டிச் சவர்க்காரம் வைத்தேன். ஜிப்பை இழுத்து மூடினேன். என் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார்.

"தொவைக்காமயா அனுப்பப் போற?"

"ஆமாங்க."

"இன்னும் ரெண்டு வாரந்தானே இருக்கு மூணு மாசம் முடிய. அழுக்குச் சட்டையோட நின்னா அந்த முதலாளி தொரத்திருவாரு. திரும்பி வந்து இங்கதான் கெடப்பான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டால் வேலை நிலைத்துவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்குப் பிறகு வேறொரு காரணம் எனக்குக் கிடைக்கும், என்னை எனக்குத் தெரியாதா? பையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு நடந்தேன். வழியெல்லாம் மழை. பஸ் வந்ததும் கொண்டக்டர் தம்பி பையை வாங்கினான். திரும்பிப் போகிற பை வாசமாக இருக்குமே என்று மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிய முன்னமே போன் அடித்தது.

"அம்மா, பை மாறி வந்துருச்சும்மா."

"மாறல."

"தொவைக்காத துணிதான் இருக்கு."

"தொவைக்காத துணிதான். சவுக்காரம் மேல இருக்கு."

பைக்குள் துழாவுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தொவைக்கத் தெரியாதேம்மா. எட்டு மணிக்கு கடை. நா என்னத்தப் போட்டுக்கிட்டு நிக்கிறது?"

"தொவைக்கிற அக்கா நின்னுட்டா. வேற ஆள் பாத்துக்க."

அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, சின்னவயதில் இழுக்குமே அந்த மாதிரி. இன்னும் ஒரு வார்த்தை அவன் பேசியிருந்தால் நான் அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கே போய்த் துவைத்துக் கொடுத்திருப்பேன். அதனால் போனை வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலையில்லாமல் சந்திக்குப் போய் நின்றேன். பஸ் வந்தது. கொண்டக்டர் தம்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "அத பேக் நே, அக்கே." இன்றைக்குப் பை இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷமா வந்தது? பை இல்லையென்றால் அவன் துவைத்திருக்கலாம். அல்லது பையோடு அவனே வந்துகொண்டிருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன்.

பிறகு வந்த வாரங்களில் போன் பண்ணினால் "சாப்பிட்டியா?" என்பேன், "ம்" என்பான். "வேல?" என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிகிற நாளும் வந்தது, போனது. வீட்டுக்காரர் தினமும் ஸ்டோரிலிருந்து வந்ததும் கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். கட்டில் காலியாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் வந்தான். தோளில் அதே பை. வேலை போய்த்தான் வந்திருக்கிறான் என்று என் கண் கட்டில் பக்கம் போனது.

"ரெண்டு நாள்தாம்மா லீவு" என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாளன்னிக்கு காலையில கடையில நிக்கணும். முதலாளி இப்ப கவுண்டருக்குப் போட்டுட்டாரு."

போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை என்று நான் வாங்கிக் கொடுத்தது. இப்போது தோளிலும் முதுகிலும் திட்டுத்திட்டாக ரோஸ் நிறம். காலரில் அழுக்கு அப்படியே. அதற்கு மேல் சவர்க்காரம் அலசாமல் காய்ந்த வெள்ளைக்கோடு.

"செவப்புச் சாரத்தோட ஒண்ணா ஊறப் போட்டுட்டேன்" என்றான். "முதலாளி பாத்துட்டுச் சிரிச்சாரு. அவரும் சின்ன வயசுல இப்பிடித்தான் ஒரு சட்டைய நாசம் பண்ணினாராம்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனுகள்ட்டச் சொல்லிட்டேம்மா."

"என்னான்னு?"

"அது அக்கா இல்ல, எங்கம்மான்னு. அந்த நீலச் சட்டைக்காரன் அன்னிக்குச் சோறு திங்கல."

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் தேத்தண்ணி ஊற்றப் போனேன். போனவள் திரும்பிப் பார்த்தால், அவனே கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு பின்னால் நின்றான். குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்குக் குளிக்கப் போனான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

நான் வாளியை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றியதும் நினைவில்லை. நினைவு வந்தபோது குந்தியிருந்தேன். அந்த ரோஸ் திட்டுச் சட்டை வாளிக்குள் இருந்தது. காலரை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுக்கு கரைந்து வர வர மனதுக்கு இதமாக இருந்தது. அந்த இதம் இருக்கிறதே, அதுதான் அசிங்கம். மாலுபாண் அழுகின நாற்றமெல்லாம் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

நிழல் விழுந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவன் நின்றான்.

"அம்மா, அது தொவச்ச சட்ட."

"காலரு அழுக்குப் போகலய்யா. ஒரு கசக்குக் கசக்கி..."

"கைய எடும்மா."

சத்தம் போடவில்லை. கோபமும் இல்லை. பிள்ளைக்காம்பராவில், மூடாத அந்தக் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து, வாயில் சோற்றோடு, அடுத்த பிள்ளைகளின் அம்மாமாரிடம் நான் சொன்னதை அவன் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பான்!

கையை எடுத்தேன். இரண்டு கையிலும் நுரை. எங்கே துடைப்பதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தேன். அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கித் துடைக்க வேண்டியதுதானே? நான் அதை முதலில் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். அவன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.